முன் சக்கரம் எழும்புவது ஏன்? மோட்டார் சைக்கிளும் நெம்புகோல் விதியும்

திருப்பதி நகரின் ஓரத்தில், சேஷாசல மலையடிவாரத்தில், அலிபிரி என்னும் இடம் உள்ளது. திருமலைக்குச் செல்லும் வாகனங்கள் இங்குள்ள சோதனைச் சாவடியைக் கடந்தே மலையேறுகின்றன. 1944ஆம் ஆண்டில் முதல் மலைப்பாதை திறக்கப்படும் வரை, மேலே செல்ல விரும்பியவர்கள் படிகளில் நடந்தோ டோலியில் அமர்ந்தோ செல்ல வேண்டியிருந்தது. முப்பதுக்கு மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அப்பழைய பாதை இப்பொழுது இறங்கும் வாகனங்களுக்கும், பின்னர் அமைக்கப்பட்ட இரண்டாவது பாதை ஏறும் வாகனங்களுக்கும் பயன்பட்டு வருகின்றன.

வேலூர், சித்தூர், காஞ்சிபுரம் ஆகிய ஊர்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் யாத்திரிகர்கள் பலர். பின்னிருக்கையில் ஒருவரையும், அவருக்குப் பின்னால் ஒரு மூட்டையையும் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் நின்று மீண்டும் புறப்படும்பொழுது, கைப்பிடி திடீரென இலேசாவதை ஓட்டுபவர் உணர்வார். சக்கரம் தரையில்தான் உள்ளது. ஆயினும் வண்டி திருப்பிய பக்கம் உடனே திரும்புவதில்லை.

இதே சித்தூர் வழியாகவும் சென்னையிலிருந்தும் பெங்களூருக்குச் செல்லும் அகன்ற நெடுஞ்சாலைகளில் வேறொரு காட்சியும் காணப்படுகிறது. கனமான, விரைவு மிக்க மோட்டார் சைக்கிளில் ஓர் இளைஞர் வருகிறார், கைப்பிடியை முறுக்குகிறார், முன் சக்கரம் அந்தரத்தில் எழும்ப, பின் சக்கரம் ஒன்றின் மீதே வண்டி ஓடுகிறது. இதனை ‘வீலிங்’ என்று வழக்கில் கூறுவர். யாத்திரிகரின் வண்டியில் நேர்வதும் இளைஞரின் வண்டியில் நேர்வதும் வெவ்வேறு செய்திகள்போல் தோன்றும். பௌதிக விதியின்படி இரண்டும் ஒன்றே. முதலாவதில் பாதி நிகழ்ந்தது, இரண்டாவதில் முழுதும் நிகழ்கிறது. இயந்திரத்தின் வலிமையைக் காட்டிலும் எடை நிற்கும் இடமே இதில் பெரிதும் தீர்மானிக்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெம்புகோல் விதி

மோட்டார் சைக்கிள் முன்னோக்கிச் செல்வது பின் சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுவதனால் ஆகும். அதற்கு எதிர்வினையாகத் தரை, பின் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. இத்தள்ளுதல் தரைமட்டத்தில் நிகழ்கிறது. வண்டி, ஓட்டுபவர் ஆகிய இரண்டின் எடையும் ஒருங்கே நிற்பதாகக் கருதத்தக்க ஈர்ப்பு மையமோ தரைக்கு மேல் இரண்டு அடிக்குச் சற்று அதிகமான உயரத்தில் உள்ளது. காலடியில் விரித்த ஜமுக்காளத்தைச் சட்டென இழுத்தால் அதன் மீது நிற்பவர் பின்னால் சாய்வது போல, அடிப்புறம் முன்னே தள்ளப்பட்ட வண்டியும் பின்னால் சாய முற்படுகிறது.

இச்சாய்வைத் தடுப்பது எடையே. பின் சக்கரம் தரையைத் தொடும் புள்ளியை நெம்புகோலின் ஆதாரப் புள்ளியாகக் கொள்க. ஈர்ப்பு மையம் அப்புள்ளிக்கு எவ்வளவு தூரம் முன்னால் உள்ளதோ, அவ்வளவுக்கு எடை முன் சக்கரத்தைக் கீழே அழுத்துகிறது. ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் உள்ளதோ, அவ்வளவுக்கு முடுக்கம், அதாவது வேக வளர்ச்சி, அதனை மேலே தூக்குகிறது. இவ்விரண்டு திருப்புதிறன்களும் சமமாகும் நிலையில் முன் சக்கரம் தரையை விட்டு விலகத் தொடங்கும்.

இதிலிருந்து எளிய விதி ஒன்று கிடைக்கிறது. முன்தூரத்தை உயரத்தால் வகுத்தால் வரும் எண், முன் சக்கரம் எழுவதற்குத் தேவையான முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்காகத் தரும். இவ்விதியில் எடை என்னும் அளவு இடம் பெறவே இல்லை. எடை எங்கே நிற்கிறது என்பது மட்டுமே இடம் பெறுகிறது.

கனமான வண்டியின் கணக்கு

நெடும்பயணத்திற்கும் விரைவிற்கும் ஒருங்கே ஏற்றவாறு அமைந்த மோட்டார் சைக்கிள்களை ‘ஸ்போர்ட் டூரிங்’ வகை என்பர். 1976ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், காற்றுச் சுரங்கத்தில் வடிவமைத்த முழு முன்கவசத்துடன் வெளியிட்ட ஆர்.100 ஆர்.எஸ். இவ்வகைக்கு முன்னோடி எனலாம். 1990இல் ஹோண்டாவின் எஸ்.டி.1100, 2001இல் யமஹாவின் எஃப்.ஜே.ஆர்.1300 ஆகியன அவ்வழியில் வந்தன. ஆயிரம் கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இயந்திரம், இரு பக்கங்களிலும் பெட்டிகள், பின்னிருக்கையாளருக்கு வசதியான ஆசனம் ஆகியன இவ்வகையின் அடையாளங்கள்.

இத்தகைய வண்டி ஒன்று 290 கிலோ எடையும், ஓட்டுபவர் 75 கிலோ எடையும் உள்ளதாகக் கொள்க. மொத்தம் 365 கிலோ. இரு சக்கரங்களின் மையங்களுக்கிடையே தூரம் 1.54 மீட்டர். ஈர்ப்பு மையம் பின் சக்கரத்திற்கு 0.75 மீட்டர் முன்னாலும், தரைக்கு 0.65 மீட்டர் மேலும் உள்ளது. 0.75ஐ 0.65ஆல் வகுக்க, 1.15 கிடைக்கிறது. அதாவது புவியீர்ப்பைப் போல் 1.15 மடங்கு முடுக்கம் தோன்றினாலன்றி முன் சக்கரம் எழாது. அதற்குப் பின் சக்கரம் சுமார் 420 கிலோ விசையுடன் தள்ள வேண்டும்.

இயந்திரத்திற்கு இது முதல் கியரில் ஏறக்குறைய இயலும். ஆனால் ரப்பருக்கும் சாலைக்கும் உள்ள பிடிப்பு அவ்வளவுக்கு இடந்தருமா என்பதே கேள்வி. நல்ல டயருக்கும் உலர்ந்த தாருக்கும் இடையிலான உராய்வுக் குணகம் ஒன்றை ஒட்டியே அமையும். ஆகவே, ஓட்டுபவர் ஒருவர் மட்டுமே அமர்ந்த இத்தகைய கனவண்டி, கைப்பிடியை முறுக்கிய மாத்திரத்தில் எழுவது அரிது. சாகசம் செய்வோர் கிளட்சைத் திடீரென விடுவித்தும், முன் ஃபோர்க்கின் சுருள்வில்லை அழுத்தி அது மீளும் கணத்தைப் பயன்படுத்தியும் தூக்குகின்றனர். இவ்வாறு தூக்கப்படும் எழுச்சி ஒரு கணத்து அதிர்ச்சியால் பிறப்பதாதலின், அது எந்த உயரத்தில் நிற்கும் என்பது முன்கூட்டியே உறுதியாவதில்லை.

பின்னிருக்கையும் பெட்டியும் செய்யும் மாற்றம்

அதே வண்டியில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் பின்னால் அமர்ந்து, 25 கிலோ சாமான்களும் ஏற்றப்பட்டன என்று கொள்க. எடை 450 கிலோவாக உயர்ந்ததால் வண்டி தரையில் இன்னும் உறுதியாக நிற்கும் என்பது பலருடைய எண்ணம். கணக்கு இதற்கு மாறானது. புதிய எடை பின்புறத்திலும் உயரத்திலும் சேர்ந்தமையால் ஈர்ப்பு மையத்தின் முன்தூரம் 0.63 மீட்டராகக் குறைந்து, உயரம் 0.71 மீட்டராகக் கூடுகிறது. தேவையான முடுக்கம் 1.15 மடங்கிலிருந்து 0.89 மடங்காக இறங்குகிறது. 85 கிலோ கூடிய பின்னரும், முன் சக்கரத்தைத் தூக்க 420 கிலோவுக்குப் பதில் 400 கிலோ விசையே போதுமானதாகிறது. டயரின் பிடிப்பும் அதற்கு இடந்தருகிறது. தனியே ஓட்டுகையில் எழாத வண்டி, குடும்பத்துடன் செல்லும்பொழுது எழக்கூடும் என்பது இதன் பொருள்.

மலைப்பாதையின் ஏற்றமும் சிறிது துணை செய்கிறது. திருப்பதிக்கும் திருமலைக்கும் இடையே ஏறத்தாழ 700 மீட்டர் உயர வேறுபாட்டைப் பாதை சுமார் 18 கிலோமீட்டரில் கடக்கிறது. சராசரியாக 25க்கு 1 என்னும் ஏற்றம். இது 0.04 மடங்கு முடுக்கத்திற்கு நிகரானது. கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் ஏற்றம் சராசரியை விட அதிகம்.

சிறிய வண்டிக்கும் இதுவே விதி

களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் பெரும்பாலும் ஓட்டுவது 100 கன சென்டிமீட்டர் அளவிலான சிறிய வண்டி. அதன் இயந்திரம் தன் வலிமையால் மட்டும் முன் சக்கரத்தைத் தூக்கப் போதாது. எனினும் முன் சக்கரம் எழாமலே இலேசாகும் அபாயம் அதற்கும் உண்டு.

110 கிலோ வண்டியில் 65 கிலோ எடையுள்ளவர் தனியே செல்கையில் முன் சக்கரத்தின் மீது நிற்பது ஏறக்குறைய 77 கிலோ. ஏற்றமும் முடுக்கமும் சேர்ந்து கால் மடங்கு ஆகும்பொழுது அது 53 கிலோவாகிறது. பின்னால் 60 கிலோ எடையுள்ள ஒருவரும் 20 கிலோ மூட்டையும் சேர்ந்தால், அதே ஏற்றத்தில், அதே முடுக்கத்தில், முன் சக்கரத்தின் மீது நிற்பது 42 கிலோ மட்டுமே. மொத்த எடை 80 கிலோ கூட, முன்சுமை 11 கிலோ குறைந்துவிடுகிறது. டயரின் பிடிப்பு அதன் மீதுள்ள சுமையைப் பொறுத்ததாதலின், திருப்பும் திறன் குறைந்து, வண்டி வளைவின் வெளிப்புறம் நோக்கி அகன்று செல்கிறது. எதிரே வரும் பேருந்தின் பாதையும் அதுவே.

சித்தூர்ப் பகுதி பாலுக்கும் மாம்பழத்திற்கும் பெயர் பெற்றது. விடியற்காலையில் பின் சக்கரத்தின் இரு பக்கங்களிலும் பால் கேன்களைத் தொங்கவிட்டுச் செல்லும் மோட்டார் சைக்கிள்களையும், மாம்பழப் பருவத்தில் கூடைகளை அடுக்கிச் செல்வனவற்றையும் கிராமச் சாலைகளில் காணலாம். இவர்கள் யாவரும் அறிந்தோ அறியாமலோ மேற்கூறிய கணக்கிற்கு உட்பட்டவர்களே. கேன்களைப் பின் அச்சுக்குச் சற்றேனும் முன்னாலும், இயன்ற அளவு தாழ்வாகவும் கட்டுவது. கனமான பொருளை இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடையே வைப்பது. ஏற்றத்தில் கிளட்சை மெதுவாக விடுவிப்பது. இம்மூன்றும் செலவில்லாத பாதுகாப்பு முறைகள்.

எடையைப் பகிர்ந்து வைப்பதன் பயனுக்கு ஒரு சான்று: 2017ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், பெங்களூரை அடுத்த எலஹங்கா விமானப்படைத் தளத்தில், இந்திய இராணுவத்தின் ‘டொர்னடோஸ்’ மோட்டார் சைக்கிள் குழுவினர் 58 பேர் 500 கன சென்டிமீட்டர் ராயல் என்ஃபீல்டு வண்டி ஒன்றின் மீது ஏறி 1,200 மீட்டர் தூரம் சென்று உலக சாதனை படைத்தனர். வண்டியைச் சுற்றிலும் பொருத்திய சட்டத்தின் மீது முன்னும் பின்னும் பக்கங்களிலுமாக அவர்கள் நின்றமையால் அது சாத்தியமாயிற்று. அவ்வளவு பேரும் இருக்கைக்குப் பின்னால் மட்டும் நின்றிருப்பின் வண்டி ஓரடியும் நகர்ந்திராது.

எழும்பிய பின் நிகழ்வது

முன் சக்கரம் தரையை விட்டு விலகியதும் நிலைமை விரைவாக மாறுகிறது. வண்டி நிமிர நிமிர ஈர்ப்பு மையம் பின்னோக்கியும் மேலோக்கியும் நகர்வதால், அதை மேலும் நிமிர்த்தத் தேவையான விசை குறைந்துகொண்டே வருகிறது. தூக்குவதற்குத் தேவைப்பட்ட அதே முறுக்கல் தொடர்ந்தால் வண்டி மேன்மேலும் விரைந்து நிமிரும். ஈர்ப்பு மையம் பின் சக்கரத்தின் தொடுபுள்ளிக்கு நேர்மேலே வரும் கோணத்தில் அது கணநேரம் சமநிலையடைகிறது.  மேலே கூறிய கனவண்டியில் பின்னிருக்கையாளரும் சாமான்களும் இருந்தால் இக்கோணம் தனியே செல்பவருக்கு உள்ளதை விடக் குறைவு. அதனைத் தாண்டினால் வண்டி ஓட்டுபவரின் மேல் மல்லாந்து விழும். விரல் நுனியில் நிறுத்திய கோல் போன்ற நிலையற்ற சமநிலை இது.

அந்நிலையில் வண்டியைக் கீழிறக்கும் கருவி பின் பிரேக் ஒன்றே. பின் பிரேக்கை அழுத்தியதும் தரை, பின் சக்கரத்தைப் பின்னோக்கி இழுக்கிறது. மேற்பகுதி முன்னோக்கிச் செல்ல முற்படுகிறது. முன் சக்கரம் இறங்குகிறது. முன் பிரேக்கோ, கைப்பிடியின் திருப்பமோ அந்தரத்தில் பயன்படா. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 28 மீட்டர் செல்கிறது. சக்கரத்தை இறக்க ஒரு வினாடி ஆகுமெனில், அந்த 28 மீட்டருக்குள் சாலையைக் கடக்கும் ஆடோ, மாணவனோ எதிர்ப்படின் செய்யத்தக்கது ஏதும் இல்லை. இறங்கும்பொழுது சக்கரம் சிறிதே திரும்பியிருப்பினும் கைப்பிடி இருபுறமும் வெறித்தனமாக ஆடத் தொடங்கும். கனவண்டியாயின் முன் ஃபோர்க்கும் கைப்பிடித் தண்டின் பேரிங்கும் தாங்கும் அடி மிகப் பெரிது. சில இயந்திரங்களில், சாய்வு நீடித்தால் எண்ணெய் தொட்டியின் பின்புறம் ஒதுங்கிப் பம்புக்கு எட்டாமற் போவதும் உண்டு.

சாதனைகள் கற்பிப்பன

1991ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் ஜப்பானில் யசுயுகி குடோ என்பவர், முன் சக்கரம் தரையைத் தொடாமலே 331 கிலோமீட்டர் தூரம் ஓட்டினார். அவர் பயன்படுத்தியது ஹோண்டாவின் இலேசான சிறிய வண்டி. 1999ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் இங்கிலாந்தின் பிரண்டிங்தார்ப் ஓடுபாதையில், சுவீடன் நாட்டின் பாட்ரிக் ஃபுர்ஸ்டென்ஹாஃப், ஹோண்டா சூப்பர் பிளாக்பேர்ட் என்னும் கனமான வண்டியின் 1,137 கன சென்டிமீட்டர் இயந்திரத்திற்கு டர்போ பொருத்தி, பின் சக்கரத்தின் மீதே மணிக்கு 307.86 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அத்தகைய வேகத்தில் எதிர்க்காற்றே வண்டியின் மேற்பகுதியைப் பின்னோக்கித் தள்ளுவதால், முடுக்கம் சிறிதாயினும் முன் சக்கரம் தூக்கப்படுகிறது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவானது ஒன்று. முதலாவது மோட்டார் வாகன ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைப் பாதையிலும், இரண்டாவது விமான ஓடுபாதையிலும் நடைபெற்றன. பொதுமக்கள் நடமாடும் சாலையில் இவற்றுள் எதுவும் செய்யப்படவில்லை.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி 2023ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் நடந்தது. இணையத்தில் பல இலட்சம் இளைஞர்கள் பின்தொடரும் ஒருவர், சுசூகி ஹயபுசா என்னும் கனவண்டியின் முன் சக்கரத்தைத் தூக்க முயன்று, கட்டுப்பாடிழந்து தூக்கியெறியப்பட்டுக் கை முறிந்தார். உடற்கவசம் அணிந்திருந்தமையால் உயிர் பிழைத்தார். அவருக்குப் பிணை வழங்கச் சென்னை உயர்நீதிமன்றம் அப்போது மறுத்தது. அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு விலக்கப்பட்டது. அவரைப் பார்த்துச் சாதாரண வண்டியில், கவசமின்றி முயலும் சிறுவர்களின் செய்தி நாளிதழின் உட்பக்கத்தில் இரண்டு வரியாக முடிந்துவிடுகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கின்படி 2022ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்.

கருவியின் துணையும் சட்டமும்

இன்றைய உயர்தர வண்டிகளில் முன் சக்கரம் எழுவதைத் தடுக்கும் மின்னணு அமைப்பு உள்ளது. இரு சக்கரங்களின் சுழற்சி வேகத்தையும், வண்டி சாயும் வேகத்தையும் உணர்கருவிகள் இடைவிடாது அளக்கின்றன. பின் சக்கரத்தின் வேகம் முன் சக்கரத்தினதை விட மிகும்பொழுது, கணிப்பொறி இயந்திரத்தின் முறுக்கு விசையைக் குறைத்துவிடுகிறது. 2013இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் சாய்கோணத்தையும் கணக்கில் கொள்ளும் அமைப்பினை வெளியிட்டது. இந்தியாவில் 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் 2019 ஏப்ரல் முதல் கட்டாயமாகும். ஆனால் சாகசம் செய்ய விரும்புவோர் முதலில் செய்வது, எழுச்சித் தடுப்பை அணைத்துவிடுவதே.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, 2019இல் திருத்தப்பட்டவாறு, அபாயகரமாக ஓட்டுவோருக்கு முதல் குற்றத்திற்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வகை செய்கிறது. 199ஏ பிரிவின்படி, வயது நிரம்பாதவர் குற்றம் செய்யின் பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ மூன்றாண்டு வரை சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்திற்கும் உள்ளாவார். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு நீக்கப்படும். அச்சிறுவர் 25 வயது வரை உரிமம் பெற இயலாது. மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் இப்பிரிவினை அறிந்திருத்தல் நன்று.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்கவை

அறிவுரையைக் காட்டிலும் சோதனை மாணவரின் மனத்தில் பதியும். பின்வரும் இரண்டும் எந்தக் கிராமப் பள்ளியிலும் செய்யத்தக்கவை.

முதலாவது: ஒரு நோட்டுப் புத்தகத்தின் மீது தீப்பெட்டியைப் படுக்கையாக வைத்துப் புத்தகத்தைச் சட்டென இழுக்க வேண்டும். தீப்பெட்டி வழுக்கும்; கவிழாது. பின்னர் அதனை நிமிர்த்தி வைத்து அதே வேகத்தில் இழுத்தால், இழுத்த திசைக்கு எதிர்ப்புறமாகக் கவிழும். எடை மாறவில்லை, ஈர்ப்பு மையத்தின் உயரமும், விளிம்பிலிருந்து அதன் தூரமும் மட்டுமே மாறின என்பதை மாணவரே கண்டு கூறுவர்.

இரண்டாவது: ஒரு சைக்கிளின் முன் சக்கரத்தை எடை பார்க்கும் கருவியின் மீதும், பின் சக்கரத்தை அதே உயரமுள்ள பலகையின் மீதும் நிறுத்த வேண்டும். மாணவன் ஒருவன் இருக்கையில் அமர, இருவர் அருகில் நின்று சாயாமல் பார்த்துக்கொள்ள, முன் சக்கரத்தின் எடையைக் குறிக்க வேண்டும். பின்னர் வேறொரு மாணவனைப் பின் கேரியரில் அமர்த்தி மீண்டும் குறிக்க வேண்டும். முழு மனித எடை ஒன்று கூடியும் கருவியின் முள் அநேகமாக நகராததைக் கண்டு வகுப்பு வியக்கும். கேரியரில் இருப்பவனைச் சிறிது பின்னால் சாயச் சொன்னால் முள் இறங்குவதையும் காணலாம். முன் சக்கரத்தின் எடையைச் சக்கரங்களுக்கிடையேயுள்ள தூரத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுத்தால், ஈர்ப்பு மையம் பின் சக்கரத்திலிருந்து எவ்வளவு முன்னால் உள்ளது என்பது கிடைக்கும்.

களப்பணியாளர்கள் இச்சோதனையைப் பால் சேகரிப்பு நிலையத்திலேயே செய்து காட்டலாம். எடை பார்க்கும் கருவி அங்கே உள்ளது. கேன் கட்டிய மோட்டார் சைக்கிளும் அங்கே வந்து நிற்கிறது. கேன்களை ஒரு சாண் முன்னால் நகர்த்திக் கட்டியதும் முன் சக்கரத்தின் எடை எத்தனை கிலோ கூடுகிறது என்பதை ஓட்டுபவர் தம் கண்ணாலேயே பார்ப்பார். மறுநாள் காலையில் அவர் கயிற்றை எங்கே கட்டுகிறார் என்று கவனித்தால், பாடம் பயன்பட்டதா என்பது தெரிந்துவிடும்.